நியூ ப்ளூ சன்: ராப் கேட்டு நின்றவர்களுக்குக் கிடைத்த புல்லாங்குழல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவுட்காஸ்ட் என்ற அமெரிக்க ராப் ஜோடியில் ஒருவரான ஆந்த்ரே 3000-இன் ‘நியூ ப்ளூ சன்’ ஆல்பத்தில் ஒரு வரி ராப்கூடக் கிடையாது. மறைத்து விற்ற சரக்கும் இல்லை, ‘எச்சரிக்கை: பார்ஸ் (ராப் வரிகள்) இல்லை’ என்று மேலேயே போட்டுத்தான் விற்றார்கள். எட்டு ட்ராக், 87 நிமிடம், முழுக்க ஊதுகருவிகள், கீபோர்டு, கிட்டார், மணி, கிலுகிலுப்பை. 2023 நவம்பர் 17 அன்று வந்தது. அன்று இரவே ஒருமுறை முழுக்கக் கேட்டேன், அப்புறம் ஒரு மாதம் தொடவே இல்லை, அப்புறம் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. சூடு தணிந்த பிறகு எழுதுவதுதான் இந்த ஆல்பத்துக்கு நியாயம் என்று தோன்றியதால் இப்போது எழுதுகிறேன்.

வெளியான வாரத்தில் எங்கள் கூட்டத்தில் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. நண்பன் ஒருவன் அவுட்காஸ்ட் என்றால் உயிரை விடுவான், 1998-இல் வந்த ‘அக்வெமினி’யை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லுவான். அவன் இருபதாவது நிமிடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “பதினேழு வருஷம் காத்திருந்ததுக்கு இதுவாடா?” என்றான். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது அந்தக் குரலில். இன்னொருவன் உடனே, “அது அவரோட கலை, அவர் இஷ்டம். நீ யாரு கேக்குறதுக்கு?” என்று ஒரே அடியாக அடித்தான். உலகம் முழுக்க ஹிப்-ஹாப் கேட்பவர்கள் ஏறத்தாழ இந்த இரண்டு வாக்கியத்தையும் வைத்துக்கொண்டுதான் மல்லுக்கு நின்றார்கள். எனக்கு இரண்டுமே பாதி சரி என்று படுகிறது, மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த 17 வருடக் கணக்கு. ஆந்த்ரேயும் பிக் பாயும் சேர்ந்த அவுட்காஸ்டின் கடைசி ஆல்பம் 2006-இல் வந்தது. அதற்குப் பிறகு ஆந்த்ரே தனியாக ஒரு முழு ராப் ஆல்பம் தருவார் என்று எதிர்பார்ப்பதே ரசிகர்களுக்கு ஒரு வேலையாகிப் போனது. அவரும் முழுக்கக் காணாமல் போகவில்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ, வேறு யாராவது ஒருவரின் பாட்டில் விருந்தாளியாக வந்து, ஒரே ஒரு வெர்ஸில், அதாவது ஒரே ஒரு ராப் பத்தியில், அந்தப் பாட்டையே தனதாக்கிக்கொண்டு போய்விடுவார். இந்த ஆல்பம் வந்த அதே 2023-இல்கூட ராப்பர் கில்லர் மைக்கின் ‘சயின்டிஸ்ட்ஸ் அண்ட் என்ஜினியர்ஸ்’ பாட்டில் வந்து வெளுத்து வாங்கினார், அது அடுத்த பிப்ரவரியில் சிறந்த ராப் பாடலுக்கான கிராமியும் வாங்கியது. அதனால்தான் நண்பனுக்கு அவ்வளவு ஆற்றாமை. கை வராதவர் என்றால் விட்டுவிடலாம், கை இன்னும் அப்படியே இருக்கிறது என்று ஐந்து மாதத்துக்கு முன்பு காட்டிவிட்டுப் போன ஆள் புல்லாங்குழலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் எப்படி இருக்கும்.

ஏன் ராப் செய்யவில்லை என்று கேட்டதற்கு அவர் பேட்டியில் சொன்ன பதில் பெரிய விவாதமானது. 48 வயதில் எதைப் பற்றி ராப் சொல்வது, குடல் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றா, கண் பார்வை மங்குகிறது என்றா, அது எனக்கே பொய்யாகப் படுகிறது என்கிற மாதிரி சொன்னார். ராப்பர் லில் வெய்னுக்கு அதைக் கேட்டு மனசு உடைந்துபோனது, தனக்குப் பேச எவ்வளவோ இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். நண்பனின் வாதமும் அதே பக்கம்தான்: “குடல் பரிசோதனையைப் பத்தியே சொல்லட்டுமே, அதை ஆந்த்ரே சொல்ற விதத்துல கேக்கத்தானே நாம இருக்கோம்!” யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஹிப்-ஹாப்புக்கு 2023-இல் வயது 50. அதோடு சேர்ந்து வளர்ந்த ஆட்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஜே-ஸி 47 வயதில் தன் கல்யாண வாழ்க்கையில் செய்த தப்பையும் அம்மாவைப் பற்றிய உண்மையையும் வைத்து 2017-இல் ஒரு முழு ஆல்பமே செய்தார். கில்லர் மைக் ஆந்த்ரேயின் ஊர்க்காரர், ஒரே வயதுக்காரர், அதே 2023-இல் தன் அம்மா, பாட்டி, தேவாலயம் எல்லாவற்றையும் வைத்து நடுவயது ஆம்பளையின் ராப் ஆல்பம் ஒன்றைச் செய்து மூன்று கிராமி எடுத்துக்கொண்டு போனார். ஆக, நடுவயதில் சொல்ல விஷயம் இருக்காது என்பது பொதுவான உண்மை கிடையாது.

ஆனால் ஆந்த்ரேக்கு அது உண்மையாக இருந்திருக்கலாம், அதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும். வெர்ஸ் எழுதுவது என்பது திறமை இருந்தால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை, வாய் வரைக்கும் வந்து நிற்கிற ஒரு விஷயம் வேண்டும். அது வராத நேரத்தில் ரசிகர்களுக்காக எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பழைய பெருமை, பழைய எதுகை, நடுவில் நான்கு பெரிய பெயர்களின் ஃபீச்சர். முதல் வாரம் எல்லோரும் கொண்டாடியிருப்போம். மூன்றாவது மாதம் யாரும் போட்டுக் கேட்டிருக்க மாட்டோம். அந்த மாதிரி திரும்பி வந்த ஆல்பங்கள் எத்தனையோ என் ஃபோனில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

இந்த இடத்தில் 1995-ஐச் சொல்லாமல் நகர முடியாது. நியூயார்க்கில், ‘சோர்ஸ்’ என்ற ஹிப்-ஹாப் பத்திரிகையின் விருது விழா. அமெரிக்காவின் கிழக்குக் கரை ராப்பர்களுக்கும் மேற்குக் கரை ராப்பர்களுக்கும் பகை உச்சத்தில் இருந்த நேரம். புதிய ராப் குழுவுக்கான விருது தெற்கே அட்லாண்டாவிலிருந்து வந்த இரண்டு பையன்களுக்கு, அதாவது அவுட்காஸ்டுக்கு, போனது, அரங்கம் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. இருபது வயது ஆந்த்ரே மைக்கில், தெற்குக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கினார். பிறகு ஹிப்-ஹாப்பின் தலைநகரமே அட்லாண்டா என்று ஆனது எல்லோருக்கும் தெரியும். அடுத்து 2003-இல் வந்த இரட்டை ஆல்பத்தில், தன் பாதியில் அவர் பெரும்பாலும் பாடினாரே தவிர ராப் பக்கம் அதிகம் போகவில்லை. அப்போதும் ‘இது ஹிப்-ஹாப்பே இல்லை’ என்றார்கள். அது 2004-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. லாரின் ஹில்லுக்குப் பிறகு அந்த விருதை வாங்கிய இரண்டாவது ஹிப்-ஹாப் ஆல்பம் அதுதான். இன்று என் நண்பன் அதிலிருந்தும் வரி வரியாகச் சொல்கிறான். அன்று அரங்கத்தில் கத்தியவர்கள் வெளியாட்கள், இந்த முறை முகம் சுளித்தவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். அதுதான் இந்தச் சண்டையை வலிக்கிற சண்டையாக ஆக்குகிறது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

முதல் ட்ராக்கின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சத்தியமா ராப் ஆல்பம்தான் செய்ய நினைச்சேன், ஆனா இந்தத் தடவை காத்து என்னை இந்தப் பக்கமா அடிச்சிட்டுப் போயிருச்சு’ என்று வரும். 12 நிமிடம் 20 நொடி. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 90-ஆவது இடத்தில் நுழைந்து, அந்தப் பட்டியலில் இடம் பிடித்த மிக நீளமான ட்ராக் என்ற சாதனையை டூல் என்ற ராக் குழுவிடமிருந்து பறித்தது. கேட்கும்போது முதல் சில நிமிடங்கள் எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும். மினுமினுக்கிற கீபோர்டு சத்தத்துக்கு மேல் ஒரு டிஜிட்டல் ஊதுகருவி மெல்ல வந்து நிற்கும், ஒரு சின்ன மெட்டைப் பிடிக்கும், விட்டுவிடும், மறுபடி தேடும். பீட் எப்போது விழும் என்று பழக்கதோஷத்தில் காத்துக்கொண்டே இருந்தேன். விழவே இல்லை. காத்திருப்பதை நிறுத்திய பிறகுதான் எனக்கு இந்த ட்ராக் காதில் விழுந்தது, அதற்கு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. புல்லாங்குழல் என்றதும் நமக்குக் காது தானாகவே ராகத்துக்கும் கமகத்துக்கும் தயாராகிவிடும். அதை வைத்து அளந்தால் இந்த ஆல்பம் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஆந்த்ரே முறையாகக் கற்றுத் தேர்ந்த வித்வான் இல்லை, அப்படி அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. விமான நிலையத்திலும் தெருவிலும் தனியாகப் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு நடந்த ஆளை வழியில் போனவர்கள் பல வருடங்களாகப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள் இல்லையா, அந்த ஆள்தான் இதிலும் வாசிக்கிறார். விரல் வேகம் கிடையாது. மூச்சு எடுப்பது சில இடங்களில் அப்படியே கேட்கும். எனக்கு அதுதான் பிடித்தது. இருபத்தைந்து வருடம் அந்த மூச்சைத்தான் சொற்களுக்கு நடுவில் எங்கே வைப்பது என்று கணக்குப் பார்த்துப் பார்த்து ராப் செய்தார், இங்கே சொற்களை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்.

கூட வாசிக்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. தாளக்கருவிக்காரர் கார்லோஸ் நினியோதான் இணைத் தயாரிப்பாளர். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மளிகைக்கடையில் தற்செயலாகச் சந்தித்துப் பழகியவர்கள் இருவரும். மணி, சலங்கை, காய்ந்த இலை என்று கையில் கிடைக்கிற எல்லாவற்றையும் தாளமாக்குகிறார் மனுஷன். கிட்டாரில் நேட் மெர்செரோ, கிட்டார் என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு அதை உருமாற்றிவிடுகிறார். கீபோர்டில் சூர்யா போட்டோஃபசீனா. இவர் வளர்ந்தது ஆலிஸ் கோல்ட்ரேன் கலிஃபோர்னியா மலைப்பகுதியில் நடத்திய ஆசிரமத்தில். ஆலிஸ் பெரிய ஜாஸ் இசைக்கலைஞர், ஜான் கோல்ட்ரேனின் மனைவி, பின்னாளில் துரியசங்கீதானந்தா என்று பெயர் வைத்துக்கொண்டு ஆர்கனிலும் சிந்தசைஸரிலும் பஜனை பாடியவர். சூர்யாவின் விரலில் அந்த பஜனைக் கூடத்தின் நீண்ட நிறுத்தங்கள் இருக்கின்றன, ஒரு கார்டை (சேர்த்து ஒலிக்கும் சுரங்களை) பிடித்தால் அது தானாகக் கரையும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். இந்த ஆல்பத்தைத் தாங்கிப் பிடிப்பது பல இடங்களில் அவர்தான் என்பேன்.

ஹவாயில் ஒரு இரவு கருஞ்சிறுத்தையாக மாறி உறுமியதைப் பற்றிப் பெயரிலேயே கதை சொல்லும் மூன்றாவது ட்ராக்தான் முதல் தடவை கேட்கும்போதே பிடித்துப்போகும். முரசு மாதிரி அதிர்கிற தாளம், அதற்கு அடியில் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு கீழ்ஸ்தாயி முனகல். ஆபத்து பக்கத்தில் இருக்கிற உணர்வு வரும். ராப் ரசிகர்கள் இதிலிருந்து தொடங்குங்கள், முதல் ட்ராக்கிலிருந்து தொடங்கித்தான் நண்பன் இருபதாவது நிமிடத்தில் இறங்கிவிட்டான். நடுவில் வருகிற சில ட்ராக்குகள் எனக்கு ஒட்டவில்லை. ஒன்று எங்கே முடிந்தது, இன்னொன்று எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை, இரண்டு நல்ல யோசனைகளை ஐந்து தடவை நீட்டிய மாதிரி இருக்கிறது. 87 நிமிடம் அதிகம். 60-இல் முடித்திருந்தால் நண்பனையும் உட்கார வைத்திருக்கலாமோ என்னவோ.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு ட்ராக்குக்கும் நீள நீளமாக, குறும்பாக, சில சமயம் கொச்சையாகப் பெயர் வைத்திருக்கிறார். காந்தி, தலாய் லாமா, ஏசு ஒரு பக்கமும் கொடூரமான கொலைகாரர்கள் இன்னொரு பக்கமுமாக ஒரே வரியில் அடுக்கிய பெயர்கூட இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள், எதுகை கேட்கும், தாளம் கேட்கும். ராப் எழுதுகிற கை அங்கேதான் இருக்கிறது. கேட்பதற்கு முன்பு பெயரைச் சத்தமாக ஒருமுறை படித்துவிட்டுப் போடுவது என் பழக்கமாகிவிட்டது.

இப்போது அந்த இரண்டாவது நண்பனின் வாக்கியத்துக்கு வருகிறேன். அவர் இஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இஷ்டம் எல்லோருக்கும் கிடைக்கிறதா? கார்லோஸ் நினியோ இதே மாதிரி இசையைப் பல வருடங்களாகச் செய்துகொண்டுதான் இருந்தார். ஹாட் 100 பக்கம் அது போனதே இல்லை. பெரிய கம்பெனியான எபிக் இந்த ஆல்பத்தை வெளியிட்டதும், அது ஆல்பம் பட்டியலில் 34-ஆவது இடம் வரை போனதும் ஆந்த்ரே என்ற பெயரால். அந்தப் பெயரை உண்டாக்கியதில், 2003-இல் கைக்காசைப் போட்டு அந்த இரட்டை ஆல்பத்தை வாங்கின லட்சக்கணக்கான ராப் ரசிகர்களுக்குப் பங்கு உண்டு. இன்றைக்கு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருபது வயதுப் பையன் ஒருவன் ‘காத்து இந்தப் பக்கம் அடிக்குது’ என்று சொன்னால் எந்தக் கம்பெனி கேட்கும்? அதனால் ரசிகனைப் பார்த்து நீ யார் என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றம் அடைகிற உரிமை அவனுக்கு முழுசாக இருக்கிறது. ‘நீ இதைத்தான் செய்திருக்க வேண்டும்’ என்று கட்டளை போடுகிற உரிமைதான் கிடையாது. நண்பனிடமும் இதைத்தான் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிடிக்கலன்னு சொல்லலாம்ல?” என்றான். தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்று எனக்கு உண்மையாகவே எரிச்சல் தந்தது. இந்த ஆல்பத்தைப் புகழ்கிற சிலர், ‘ராப்பைத் தாண்டி வளர்ந்துவிட்டார்’, ‘பக்குவப்பட்டுவிட்டார்’ என்று எழுதினார்கள். ராப் என்ன, ஏறி முடித்து விட்டுவிட்டுப் போகிற படிக்கட்டா? புல்லாங்குழல் எடுத்தால் பக்குவம், மைக் எடுத்தால் பிள்ளை விளையாட்டா? ராப் செய்ய விரும்பினேன், வரவில்லை என்று ஆந்த்ரே முதல் ட்ராக்கின் பெயரிலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார். அந்த வெளிப்படையில் ராப் மேல் இருக்கிற மரியாதை தெரிகிறது. வராததை வந்த மாதிரி காட்டி அந்தக் கலையைக் கேவலப்படுத்த மாட்டேன் என்கிறார். அவரைப் புகழ்வதற்காக ராப்பைத் தாழ்த்துகிறவர்களைவிட, ராப் வேண்டும் என்று அடம்பிடிக்கிற என் நண்பன் அந்தக் கலைக்கு எவ்வளவோ நெருக்கமானவன்.

இது திடீரென்று வந்த பித்தும் கிடையாது. 2018-இல் அன்னையர் தினத்தன்று, இறந்துபோன அம்மா அப்பாவை நினைத்து ஒரு பாட்டையும், ஜேம்ஸ் பிளேக் பியானோ வாசிக்க, தான் பேஸ் கிளாரினெட் ஊதிய 17 நிமிட வாத்திய ட்ராக் ஒன்றையும் வெளியிட்டார். அன்றைக்கே திசை தெரிந்தது, நாம்தான் கவனிக்கவில்லை. இதற்குப் பிறகு 2025-இல் பியானோவை முதுகில் சுமந்துகொண்டு மெட் காலா என்ற நியூயார்க் ஃபேஷன் விழாவுக்கு வந்து, பியானோத் துண்டுகளை மட்டும் வைத்து இன்னொரு வெளியீடும் தந்துவிட்டார். மேடைக் கச்சேரிகளிலும் ஆல்பத்தில் இருப்பதை அப்படியே வாசிப்பதில்லை, அந்தந்த இரவு என்ன தோன்றுகிறதோ அதுதான். கிராமியில் இந்தப் புல்லாங்குழல் ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பட்டியலில் வந்தது, பரிசு பியான்சேயின் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற பாணி) ஆல்பத்துக்குப் போனது. உனக்கு இந்தப் பக்கம் என்ன வேலை என்று கேட்கப்பட்ட இன்னொரு ஆல்பம் அது.

கடைசி ட்ராக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 17 நிமிடம். பெயர் ஏறத்தாழ இப்படி வரும்: ‘டஞ்சன் தரைக்கு அடியில் ஒருகாலத்தில் புதைந்த கனவுகள் மெல்ல முளைத்து அழியாத தோட்டங்களாகின்றன’. டஞ்சன் என்பது அட்லாண்டாவில் இசைத் தயாரிப்பாளர் ரிக்கோ வேட் வீட்டின் அடித்தளம். பூசாத சுவர், மண்தரை. பள்ளிக்கூடத்துப் பையன்களாக ஆந்த்ரேயும் பிக் பாயும் அங்கேதான் உட்கார்ந்து எழுதினார்கள், அங்கேதான் அவுட்காஸ்டே உண்டானது. இந்த ட்ராக் ரொம்பத் தயங்கித் தயங்கித்தான் தொடங்கும், பாதியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு கருவியாக உள்ளே வந்து உட்காரும், யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். ஆல்பம் வந்து ஐந்து மாதத்தில், 2024 ஏப்ரலில், ரிக்கோ வேட் 52 வயதில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று இரவு நண்பன் ஃபோன் செய்தான். இதைப் பற்றிப் பேசவில்லை, பழைய பாட்டுகளைப் பற்றித்தான் பேசினோம், அரை மணி நேரம். வைக்கப் போகும்போது, “அந்தக் கடைசி ட்ராக் பேரு என்னடா சொன்ன, அனுப்பு” என்றான்.